சைக்கிள் கண்காட்சிக்குச் சில யோசனைகள்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி தேவலை, இப்போதும் தினமும் மிதிக்கிறேன். அதை விடு, உன் கண்காட்சிக்கு வருகிறேன்.

நீ அனுப்பிய விதிகளில் ஒன்று உறுத்துகிறது. வண்டி பளபளவென்று இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாயே, அதைத் தயவுசெய்து எடுத்துவிடு. கம்பெனியில் அடித்த பெயின்ட் ஒரு வண்டிக்கு ஒரு தடவைதான். துருவும் கீறலுமாய் வந்தாலும் அதற்கென்று தனி வரிசை கொடு. புதுப்பித்தவை இன்னொரு வரிசையில் நிற்கட்டும். இஷ்டத்துக்கு மாற்றிக் கட்டிய கஸ்டம் வண்டிகளைப் பழசோடு போட்டியில் சேர்க்கவே சேர்க்காதே. பழசில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்க்கிறோம். கஸ்டமில் எவ்வளவு துணிந்து மாற்றியிருக்கிறான் என்று பார்க்கிறோம். இரண்டுக்கும் ஒரே மார்க் ஷீட் எப்படிச் சரிவரும்?

வண்டியின் வயது பற்றிக் கட்டாயம் சண்டை வரும். பின்சக்கரத்தின் நடுவில் ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியின் மூன்று கியர் ஹப் இருந்தால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துப் பார். பெரும்பாலும் தயாரித்த வருடமும் மாதமும் பொறித்திருக்கும். ஆனால் சக்கரத்தை யாராவது மாற்றியிருக்கலாம், அதனால் ஃப்ரேம் நம்பரையும் பார்த்த பிறகு முடிவு சொல்.

கூட்டம் எப்படியும் பெரிய முன்சக்கர வண்டியைத்தான் மொய்க்கும். "ஏன் இவ்வளவு பெரிசு?" என்று கேட்காத ஆளே இருக்காது. பெடல் நேராக முன்சக்கரத்திலேயே இருந்ததால், ஒரு மிதிக்குச் சக்கரம் ஒரு சுற்றுதான். தூரம் போக வேண்டுமென்றால் சக்கரத்தைப் பெரிதாக்குவதுதான் வழி. செயின் வந்ததும் அந்தத் தேவை போய்விட்டது. 1885-இல் ஸ்டார்லியின் செயின் வைத்த ரோவர் சைக்கிள், 1888-இல் டன்லப்பின் காற்றடைத்த டயர், அப்புறம் உயரமான வண்டியை யார் வாங்குவார்கள்? இதைச் சின்னப் பலகையில் எழுதி, பக்கத்திலேயே ஒரு சாதாரண சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவை. பிள்ளைகள் பெடலைச் சுற்றி, பின்சக்கரம் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணட்டும். செயினில் விரல் விடாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆளைப் போடு. எல்லாவற்றிலும் 'தொடாதே' என்று அட்டை மாட்டினால் பாதிப் பேர் வாசலோடு திரும்பிவிடுவார்கள்.

புல்தரை என்றால் ஸ்டாண்டுக்கு அடியில் பலகைத் துண்டு வை, இல்லாவிட்டால் மண்ணில் புதைந்து ஒன்றன்மேல் ஒன்று சாயும். தோல் சீட்டுகள் மழையில் நனையக் கூடாது. வெடிப்பு விட்ட பழைய டயரில் காற்றைக் குறைவாகவே அடி. யாராவது கார்பைடு விளக்கைக் கொளுத்திக் காட்டுகிறேன் என்று ஆரம்பித்தால், அன்போடு தடுத்துவிடு. அதில் வருவது சட்டென்று தீப்பிடிக்கும் அசிட்டிலீன் வாயு.

என் கம்பி பிரேக் வண்டியையும் கொண்டுவருகிறேன். போட்டியில் சேர்க்காதே, ஓரமாக நிற்கட்டும். இட வரைபடம் தயாரானதும் அனுப்பு.

உன் பழைய தோழன்