340 இல்லை, 342

கிளிநொச்சி

அன்பின் மச்சான்,

நாலு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதே. அம்மாவின் கால்வலி குறைந்துவிட்டது. சிறுபோகத்துக்கு இரணைமடுத் தண்ணீரை முறை வைத்து விடுகிறார்கள். மற்றக் கதையெல்லாம் பிறகு. இன்றைக்கு ஒரு எரர் பற்றி உனக்குச் சொல்லியே ஆகவேண்டும்.

வட்டக்கச்சியிலிருந்து ஒரு பெடியன் என்னிடம் ஆர்டுயினோ என்கிற சின்னக் கணினிப் பலகைக்குப் புரோகிராம் எழுதப் பழக வருகிறான். தங்கள் வயல் வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று அளக்க ஒரு கருவி செய்கிறான். மேலே பூட்டிய சென்சர் ஒலியை அனுப்பும். அது திரும்பிவர எடுத்த மைக்ரோ செக்கனை 0.0343ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் தூரம் சென்ரிமீற்றரில் வரும். போன கிழமை அந்த வரிதான் கம்பைல் ஆகவில்லை, புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றுகிற கம்பைலர் அதை ஏற்கவில்லை. ‘ஸ்ட்ரே \342 இன் புரோகிராம்’, புரோகிராமில் சம்பந்தமில்லாத ஒரு 342 கிடக்கிறது என்றது. கூடவே 200, 213 என்று இன்னும் இரண்டு. வரியை எத்தனை தரம் பார்த்தாலும் பிழையே இல்லை.

யாரோ அவனுக்கு, “புரோகிராமுக்குள்ள தமிழ் எழுதினால் இப்பிடித்தான் வரும்” என்று சொல்லியிருக்கிறார்கள். அவனும் நம்பி, தன் நினைவுக்காகத் தமிழில் எழுதி வைத்திருந்த, கம்பைலர் படிக்காமல் தாண்டிப்போகிற குறிப்புகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டான். அழித்த பிறகும் அதே எரர். என்னடா எழுதியிருந்தாய் என்று கேட்டேன். ஒன்றைத்தான் சொன்னான்: “இதுக்குக் கீழ தண்ணி போனால் அப்பாவை எழுப்பவும்.”

எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது மச்சான். வவுனியாவில் அந்த லாப்பில் நாங்கள் இருவரும் இதே பேச்சைக் கேட்டு இப்படியே அழித்தோமே, நினைவிருக்கிறதா? உன்னுடைய ‘மாமரம்’ புரோகிராமும் அப்படித்தானே போனது!

சரி, கேள். அந்த எண்கள் எட்டின் அடிமானத்தில் வரும் பைட்டுகள். எழுத்துகளைக் கணினி பைட்டுகளாகச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். முதலாவது எப்போதும் 340, இரண்டாவது 256 அல்லது 257. 342இல் தொடங்குவது தமிழாக இருக்கவே முடியாது! 342, 200, 213 என்று சேர்ந்து வந்தால் அது அகலமே இல்லாத ஓர் இடைவெளி. கண்ணுக்குத் தெரியாது, கம்பைலருக்கு மட்டும் தெரியும். கடைசி எண் 234, 235 என்றிருந்தால் வேர்ட் போடுகிற வளைந்த மேற்கோள் குறிகள். 302, 240 என்றால் வேறொரு வகை இடைவெளி.

அவனிடம் அம்புக்குறி விசையை ஒவ்வொன்றாக அழுத்தச் சொன்னேன். கர்சர் எழுத்தெழுத்தாக நகர்ந்தது. பெருக்கல் குறிக்குப் பக்கத்தில் ஒரு தரம் அழுத்தியும் அசையவில்லை. “சேர், இதில நிக்குது” என்றான். அந்த வரியை ஒரு பிடிஎஃப் நோட்ஸிலிருந்து கொப்பி பண்ணினானாம். முழு வரியையும் அழித்துக் கையால் அடித்தான், கம்பைல் ஆகிவிட்டது.

அதோடு விடவில்லை. புரோகிராமின் நடுவில், குறிப்புக்கு வெளியே, வேண்டுமென்றே ஒரு ‘அ’ போடச் சொன்னேன். 340, 256, 205 என்று வந்தது. அதே ‘அ’வை, குறிப்பைத் தொடக்குகிற இரட்டைச் சாய்கோட்டுக்குப் பின்னால் தள்ளினான், ஒரு எரரும் இல்லை. அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஆர்டுயினோவோடு வருகிற ஜிசிசி என்கிற கம்பைலர் பழையது, மாறியின் பெயரைத் தமிழில் வைக்க விடாது. 2020இல் வந்த ஜிசிசி 10 அதற்கும் விடுகிறது. குறிப்புகளுக்கோ என்றைக்குமே தடை இருந்ததில்லை. இத்தனை வருடமாக எத்தனை பிள்ளைகளை அழிக்க வைத்திருப்பார்கள் என்று நினைக்க எனக்கு நித்திரை வரவில்லை.

பழைய கோப்பு அவனிடம் இல்லை. நேற்று வந்திருந்து எல்லாவற்றையும் திரும்ப எழுதிக்கொண்டிருந்தான். அப்பாவை எழுப்புகிற வரியைத்தான் முதலில் எழுதினான்.

நீ வரும்போது தண்ணீர் படாத சென்சர் இரண்டு கொண்டு வா. அவனுடையது பனிக்கே தாங்காது. அக்காவையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
உன் மச்சான்