நாரி நோவுள்ள சைக்கிளோட்டிகள் இன்னும் குனிய வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

அண்மையில் தங்கள் பத்திரிகையின் ஆரோக்கியப் பக்கத்தில் நாரி நோவுக்கான யோகாசனங்கள் பற்றிப் படங்களுடன் வெளியான குறிப்பை, எங்கள் பகுதியில் மவுண்டன் சைக்கிள் ஓட்டும் இளைஞர் பலர் கத்தரித்து வைத்துக்கொண்டு விடியற்காலையில் செய்துவருகின்றனர். பத்திரிகையில் வரும் ஒரு குறிப்புக்கு இவ்வளவு மதிப்பிருப்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் அதில் முதன்மையாகக் காட்டப்பட்டிருந்த பச்சிமோத்தானாசனம், பாதஹஸ்தாசனம், ஹலாசனம் ஆகிய மூன்றும் முதுகை முன்புறமாக முழுமையாக வளைப்பவை. இரண்டு மூன்று மணித்தியாலம் சைக்கிளின்மேல் குனிந்தே இருந்துவிட்டு, நாரியைப் பிடித்துக்கொண்டு இறங்குகின்ற ஒருவருக்கு முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியவை இவையல்ல என்பதே, நீண்டகாலம் உடற்கல்வி கற்பித்தவன் என்ற முறையில் என்னுடைய கருத்தாகும்.

மட்டக்களப்பில் மலை எங்கே, மலைச் சைக்கிள் எதற்கு என்று சிரிப்பவர்கள் உண்டு. வலையிறவுப் பாலத்தைக் கடந்து வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக்குப் போய், உன்னிச்சைக் குளக்கட்டிலோ கரடியனாற்றுக்கு அப்பால் குடும்பிமலைப் பக்கம் செல்லும் கிரவல் வீதிகளிலோ ஒருமுறை ஓடிப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். ஆனால் நிலம் தட்டையாக இருப்பது முதுகுக்கு நல்லது என்று எண்ணுவதும் தவறு. மலைப்பாங்கான ஊரில் ஓட்டுபவர் ஏற்றத்தில் ஒருவிதமாகவும் இறக்கத்தில் பெடலின்மேல் எழுந்து நின்று வேறுவிதமாகவும் உடலை மாற்றிக்கொண்டே இருப்பார். நம் பக்கத்து நேர் வீதிகளில் ஓட்டுபவரோ ஏறியமர்ந்த இருப்பிலேயே ஒரே வளைவில் கிடக்கிறார். வைகாசி, ஆனி மாதங்களில் கச்சான் காற்று எதிரே வீசும்போது மேற்கு நோக்கி ஓட்டுவோர் காற்றுக்குத் தலையைத் தாழ்த்தி, முதுகை இன்னும் கூன வைத்துக்கொள்வதை அந்த வீதிகளில் தாராளமாகக் காணலாம்.

இவ்வாறு இருக்கும்போது உடலில் நடப்பது என்ன? இடுப்பிலிருந்து தொடைக்கு இறங்கும் மடக்குத் தசைகள் பெடலை மிதிக்கும் நேரம் முழுவதும் குறுகிய நிலையிலேயே வேலை செய்கின்றன. அவை ஒருபோதும் முழு நீளத்துக்கு விரிவதில்லை. தொடையின் பின்புறத் தசைகள் இறுகியிருந்தால், அவை இடுப்பெலும்பைக் கீழும் பின்னுமாக இழுத்துப் பிடிக்கும். அதனால் சைக்கிளோட்டி இடுப்பு மூட்டிலிருந்து சாயமுடியாமல், நாரியின் முள்ளெலும்புகளை வளைத்து ஹாண்டிலை எட்டிப் பிடிக்கிறார். பிட்டத் தசைகள் களைத்துப்போன பிறகு அந்தச் சுமையும் நாரியின் மீதே விழுகிறது. இதற்கு மேல் கிரவல் வீதியின் அதிர்வு. வலி பெரும்பாலும் ஓட்டத்தின் தொடக்கத்தில் வராமல், ஒரு மணித்தியாலம் கடந்த பின்னர் மெல்ல ஏறுவதற்கும், பாரமான கியரில் அழுத்தி மிதிப்பவர்களை இலகுவான கியரில் விரைவாக மிதிப்பவர்களைவிட அதிகம் வருத்துவதற்கும் காரணம் இந்தக் களைப்புத்தான்.

வேளாண்மை வெட்டுகின்றவர்கள் வரம்பில் ஏறியதும் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். நாரியில் இரண்டு கைகளையும் ஊன்றிப் பின்னுக்குச் சாய்கிறார்கள். யாரும் கற்றுக்கொடுத்து அவர்கள் அதைச் செய்வதில்லை. குனிந்திருந்த முதுகு தானே கேட்பது அதுதான். சைக்கிளோட்டிக்கும் முதலில் வேண்டியது அதே திசையிலான அசைவு. அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஓடிக்கொண்டிருக்கும்போதே பெடலின்மேல் எழுந்து இடுப்பை ஹாண்டில் பக்கமாகத் தள்ளுவதும், நிறுத்துமிடத்தில் இறங்கி நின்று ஐந்தாறு முறை மெதுவாகப் பின்னுக்குச் சாய்வதும், வீட்டில் பாய் விரித்துச் செய்யும் எத்தனையோ ஆசனங்களைவிடப் பயன்தரக்கூடியவை.

விடியற்காலையில் எழுந்தவுடன் குனியும் ஆசனங்களைச் செய்வதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இரவில் படுத்திருக்கும்போது முள்ளெலும்புகளுக்கு இடையேயுள்ள தட்டுகள் நீரை உறிஞ்சிப் பருத்திருக்கும். காலையில் நாம் ஒரு சென்ரிமீற்றர் அளவு உயரமாக இருப்பதற்கும் அதுவே காரணம். அந்த வேளையில் முன்புறமாக ஆழ்ந்து குனிந்தால் தட்டுகளின் மேலும் முள்ளெலும்புகளைப் பிணைக்கும் நார்களின் மேலும் விழும் அழுத்தம் மற்ற நேரங்களைவிடக் கூடுதலானது. எழுந்த பின் முதல் சில மணித்தியாலம் குனிவதைத் தவிர்க்கப் பழக்கப்பட்ட நாட்பட்ட முதுகுவலிக்காரர்களுக்கு வலி குறைந்ததாக 1998-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு கூறியது. சாமம் கலைய முன் எழுந்து, பாதஹஸ்தாசனம் செய்துவிட்டு, உடனே சைக்கிளில் ஏறும் நம் பிள்ளைகள் முதுகை மூன்று மடங்கு சோதிக்கிறார்கள் என்றே சொல்லவேண்டும்.

அப்படியானால் எவற்றைச் செய்வது? முதலிடம் இடுப்பு மடக்குத் தசைக்கு. அஞ்சநேயாசனம் என்று சொல்லப்படுவதன் எளிய வடிவம் போதும். மடித்த சாரமொன்றின் மேல் ஒரு முழங்காலை ஊன்றி, மற்றப் பாதத்தை முன்னே வைத்து நிமிர்ந்துகொள்ள வேண்டும். பெரும்பாலானோர் இந்த இடத்தில் இடுப்பை முன்னே எறிந்து, நாரியைப் பின்னே வளைத்து, தசை நீள்கிறது என்று எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் நீள்வது எதுவுமில்லை; நாரி மட்டும் நசிகிறது. அதற்குப் பதிலாக, ஊன்றிய காலின் பக்கத்துப் பிட்டத்தை இறுக்கி, வாலெலும்பைக் கீழே சுருட்டிக்கொண்டால், ஓர் அங்குலம்கூட முன்னே நகராமலே தொடையின் முன்பக்கம் கவட்டுக்கு அருகில் இழுப்பது தெரியும். அந்த இழுப்புடன் மூச்சை அடக்காமல் முப்பது விநாடி இருந்து, பக்கம் மாற்றி, இரண்டு முறை செய்தால் போதுமானது.

தொடையின் பின்தசையை நீட்டுவதற்கு இருந்துகொண்டு கால்விரலை எட்டிப் பிடிக்க வேண்டியதில்லை. மல்லாந்து படுத்து, ஒரு காலை மடித்துப் பாதத்தைத் தரையில் வைத்து, மற்றக் காலின் பாதத்தில் துவாயொன்றை மாட்டி மெல்ல உயர்த்தினால், நாரி தரையில் பத்திரமாக இருக்கத் தொடை மட்டும் நீளும். முழங்கால் சற்று மடிந்திருந்தால் குற்றமில்லை. கெண்டைக்காலுக்கோ பாதத்துக்கோ மின்னல்போல் ஓடும் விறைப்புத் தோன்றினால் அது நரம்பு; அதற்கு மேல் இழுக்கக்கூடாது.

புஜங்காசனத்தைத் தங்கள் குறிப்பும் காட்டியிருந்தது. ஆனால் படத்திலிருந்தவரைப் போலக் கைகளை நீட்டித் தலையை அண்ணாத்திக் கொள்வது தொடக்கத்தில் தேவையற்றது. குப்புறப் படுத்து, முழங்கைகளைத் தோளுக்கு நேர் கீழே ஊன்றி, பிட்டத்தைத் தளர்த்தி, இரண்டு நிமிடம் சும்மா கிடப்பதே முதல் வாரத்துக்குப் போதும். அதன் பின் சேதுபந்தாசனம்: மல்லாந்து முழங்கால்களை மடித்து, குதிக்கால்களை அழுத்தி, தோளிலிருந்து முழங்கால் வரை ஒரே கோடாக வரும்வரை இடுப்பை உயர்த்துவது. வேலை செய்வது பிட்டமாக இருக்கவேண்டும். தொடையின் பின்புறத்தில் தசைப்பிடிப்பு வந்தால் பாதங்களை உடலுக்குக் கிட்டக் கொண்டுவந்தால் சரியாகிவிடும். குப்புறப் படுத்துச் செய்யும் சலபாசனத்தையும் ஒவ்வொரு காலாக உயர்த்தி இதனுடன் சேர்த்துக்கொள்ளலாம். தசையை நீட்டுவதில் காட்டும் ஆர்வத்தை அதனைப் பலப்படுத்துவதிலும் நம்மவர்கள் காட்டினால் பாதி நோவு குறையும் என்பது என் எண்ணம்; நீட்டுவது சுகமாக இருக்கிறது, பலப்படுத்துவது களைப்பாக இருக்கிறது, ஆகையால் இரண்டாவதை எல்லாருமே தள்ளிப்போடுகிறோம்.

நேரமும் முக்கியம். ஒரே நிலையில் நீண்ட நேரம் இழுத்துப் பிடிக்கும் பயிற்சிகள் தசையின் வலுவைத் தற்காலிகமாகக் குறைப்பதால், அவற்றை ஓட்டம் முடிந்த பின்னர் செய்வதே முறை. ஏறுவதற்கு முன்னர் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி முதுகை மெல்ல ஏற்றி இறக்கும் மார்ஜாரி ஆசனமும், காலை முன்னும் பின்னும் வீசுவதும், முதல் பத்து நிமிடத்தை இலகுவான கியரில் ஓட்டுவதும் போதும்.

யோகாவுக்கென்று தனியான அற்புத சக்தி இருப்பதாகச் சொல்லுகின்றவர்களையும், மதக் காரணங்களுக்காக அந்தப் பெயருக்கே தயங்குகின்ற நண்பர்களையும் நான் இந்த மாவட்டத்தில் ஒருங்கே சந்திக்கிறேன். இரு சாராரும் அறியவேண்டிய ஆய்வு ஒன்று 2011-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலிருந்து வெளியானது. நாட்பட்ட நாரி நோவுள்ள 228 பேரில் ஒரு பிரிவினருக்கு 12 வாரம் யோகா வகுப்பும், இன்னொரு பிரிவினருக்கு அதேயளவு சாதாரண நீட்டற் பயிற்சி வகுப்பும் நடத்தப்பட்டன. மூன்றாம் பிரிவினருக்குத் தாமாகவே பின்பற்றும்படி ஒரு கைந்நூல் மட்டும் வழங்கப்பட்டது. வகுப்புக்குச் சென்ற இரு பிரிவினரும் கைந்நூல் பெற்றவர்களைவிட நன்கு தேறினர். ஆனால் யோகாவுக்கும் நீட்டற் பயிற்சிக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. விரும்பியவர் ஆசனமாகச் செய்யலாம், தயங்குபவர் உடற்பயிற்சியாகச் செய்யலாம், பலன் ஒன்றே. 2017-ல் அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி வெளியிட்ட வழிகாட்டலும் நாட்பட்ட நாரி நோவுக்கு மாத்திரைகளுக்கு முன்னர் உடற்பயிற்சி, யோகா போன்றவற்றையே பரிந்துரைத்தது. கைந்நூல் பெற்றவர்கள் பின்தங்கியதில் பத்திரிகைக் குறிப்பை மட்டும் நம்பும் நமக்கும் ஒரு பாடம் இல்லாமலில்லை.

சைக்கிளைச் சரிசெய்யாமல் உடலை மட்டும் வளைத்துக்கொண்டிருப்பதிலும் அர்த்தமில்லை. குதிக்காலைப் பெடலில் வைத்து அதைக் கீழ்நிலைக்குக் கொண்டுவந்தால் கால் நேராக வேண்டும். அதுவே சீற்றின் உயரத்துக்குப் பழைய, நம்பத்தகுந்த அளவு. அதைவிட உயர்த்தியவர் மிதிக்கும்போது பின்னாலிருந்து பார்த்தால் இடுப்பு இடமும் வலமுமாக ஆடுவது தெரியும்; அந்த ஆட்டம் முழுவதும் நாரிக்குள்ளேதான் போகிறது. சீற்றின் மூக்கு வானத்தைப் பார்க்கவும் கூடாது. அதைக் கீழ்நோக்கிச் சாய்த்ததால் பொழுதுபோக்காக ஓட்டுவோர் பலருக்கு நாரி நோவு குறைந்ததாக இஸ்ரேலிய வைத்தியர்கள் 1999-ல் எழுதியிருக்கிறார்கள். அதிகம் சாய்த்தால் உடல் முன்னே வழுக்கிக் கைகள் நோகும் என்பதால் சிறிது சிறிதாகவே மாற்றிப் பார்க்கவேண்டும்.

ரயரின் காற்றைப் பற்றியும் சொல்லாமலிருக்க முடியவில்லை. நம் ஊரில் காற்றடிக்கக் கொடுத்தால், விரலால் அமுக்கிப் பார்த்துக் கல்லுப்போல இருந்தால்தான் திருப்தி. அகன்ற ரயரில் கிரவல் வீதிக்குச் சதுர அங்குலத்துக்கு 35 அல்லது 40 இறாத்தல் போதுமாயிருக்க, 60 வரை ஏற்றிக்கொண்டு போய், ஒவ்வொரு கல்லையும் முள்ளந்தண்டால் எண்ணிக்கொண்டு திரும்புகிறார்கள். ரயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் கீழெல்லையை ஒட்டி வைத்துக்கொண்டால் ரியூப்பும் நசியாது, முதுகும் தப்பும். தண்ணீர்ப் போத்தல்களை முதுகுப் பையில் சுமக்காமல் சைக்கிள் சட்டத்தில் மாட்டிக்கொள்வதும் செலவில்லாத வைத்தியம்.

இவையெல்லாம் தசைக் களைப்பால் வரும் சாதாரண நோவுக்குரியவை. நோ முழங்காலுக்குக் கீழே இறங்கினாலோ, பாதம் விறைத்தாலோ, குதிக்காலில் அல்லது விரல் நுனியில் நடக்கமுடியாமல் போனாலோ ஆசனங்களை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் செல்லவேண்டும். சீற்றில் அதிக நேரம் இருப்பதால் கவட்டில் ஏற்படும் விறைப்பு இறங்கி நடந்த சிறிது நேரத்தில் மறைந்துவிடும். நாரி நோவுடன் அது மறையாமல் நின்றாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்படாமலோ வெளியேறாமலோ போனாலோ, அன்றைய தினமே, ஒரு மணித்தியாலமும் தாமதிக்காமல், வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லவேண்டும். அறுவைச் சிகிச்சை பிந்தினால் அந்தப் பாதிப்பு நிரந்தரமாகிவிடக்கூடும்.

நான் மேலே சொன்னவை எல்லோருக்கும் பொருந்தா என்பதையும் குறிப்பிட வேண்டும். வயது முதிர்ந்தவர்களுள் சிலருக்கு முள்ளந்தண்டின் நரம்புக் குழாய் ஒடுங்கியிருக்கும். அவர்களுக்கு நடந்தால் கால் உளையும், குனிந்தால் சுகம் வரும், சைக்கிளில் சாய்ந்து ஓட்டுவதும் இலகுவாகவே இருக்கும். அத்தகையோர் புஜங்காசனம் செய்தால் நோ கூடும். தங்கள் குறிப்பிலிருந்த முன்வளைவுகளின் மென்மையான வடிவங்கள் அவர்களுக்கே ஏற்றவை.

ஆகவே தங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். ஜூன் 21-ஆம் திகதி சர்வதேச யோகா தினத்தை ஒட்டி ஆசனப் படங்கள் மீண்டும் வெளிவரும். அப்போது ஒவ்வொரு படத்தின் கீழும், அந்த ஆசனம் யாருக்கு உகந்தது என்பதோடு யார் அதைச் செய்யக்கூடாது என்பதையும் ஓர் இயன் மருத்துவரிடம் கேட்டு இரண்டு வரியில் அச்சிட வேண்டுகிறேன். எங்கள் பிரதேசத்தில் வகுப்பு நடத்துவோரும், பாய் விரிக்கச் சொல்வதற்கு முன்னர், வந்திருப்பவர் நாள் முழுவதும் நிற்பவரா, கதிரையில் இருப்பவரா, சைக்கிளில் குனிபவரா என்று கேட்டறிந்துகொள்வார்களாயின் மிகவும் உதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.