ஊர் திரும்பிய நாள் ஒன்றுகூடல்: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

எதிர்வரும் வெள்ளிக்கிழமை காலை 9 மணிக்கு எங்கள் பாடசாலையில், போரில் இடம்பெயர்ந்த நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்ததை நினைவுகூரும் ஊர் திரும்பிய நாள் ஒன்றுகூடல் நடக்கும்.

பிள்ளைகள் கேட்ட கேள்வியில் தொடங்கியது இது. போருக்குப் போய்த் திரும்பிய சிப்பாய்களை வெளிநாட்டுப் பட்டணம் ஒன்று பாண்ட் வாத்தியமும் கொடியுமாக வரவேற்றதைத் தரம் 10 பிள்ளைகள் ஆங்கில பாடத்தில் வாசித்திருக்கிறார்கள். "எங்கட ஊருக்கு ஆக்கள் திரும்பி வரேக்க ஆர் சேர் வரவேற்றது?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். எல்லோரும் போர் முடிந்த 2009க்குப் பிறகு பிறந்தவர்கள், கேட்கத்தானே செய்வார்கள். இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியதையும், தறப்பாளும் தகரமும் கொண்டு பற்றை மண்டிய வளவுக்குள் முதல் இரவு படுத்ததையும் வீட்டில் எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்?

அன்று பொங்கி, பந்தியில் ஒன்றாக இருந்து சாப்பிடுவோம். விரும்பியவர் பேசலாம். யாரையும் பேசச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.

முன்பு போராளிகளாக இருந்து, போருக்குப் பிறகு அரசின் புனர்வாழ்வு பெற்று வந்தவர்களை மேடையேற்றி மாலை போடலாம் என்று பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. நல்ல மனத்தோடு சொன்னதுதான், ஆனாலும் நான் சம்மதிக்கவில்லை. மேசன் வேலையும் வயலுமாகத் தங்கள் பாட்டில் இருப்பவர்களை நாலு பேர் முன்னால் அடையாளம் காட்டுவது சரியல்ல. மற்றது, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் போராடத் தொடங்கிய அம்மாமாரைப் போல, இன்னும் பதில் கிடைக்காத குடும்பங்கள் எங்களிடையேயும் உண்டு. வந்தவர் கழுத்தில் மாலை விழும்போது அவர்கள் எந்தப் பக்கம் பார்ப்பது?

ஆகவே மேடையும் இல்லை, மாலையும் இல்லை. வெடியும் கொளுத்தக் கூடாது. இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓட்டத்துக்கு வெடி வைத்தபோது ஒரு அம்மம்மா கதிரையிலிருந்து இறங்கி நிலத்தோடு குனிந்துவிட்டார். பக்கத்தில் இருந்த பேரன் சிரித்தான். அவனுக்கு என்ன தெரியும்!

சிறு கண்காட்சியும் உண்டு. முகாம் அட்டை, தறப்பாள் துண்டு, நிவாரண வாளி என்று எது மிஞ்சியிருந்தாலும் பெயர் எழுதி வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். காணிக்குள் கிடந்த துருப்பிடித்த இரும்பு எதையும் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல் கிராம அலுவலருக்கு அறிவியுங்கள்.

அரிசியும் பயறும் சங்கம் பார்த்துக்கொள்ளும். தேங்காய் தர முடிந்தவர்கள் முதல்நாளே தந்தால் சமையலுக்கு வசதி. தட்டும் கோப்பையும் வீட்டிலிருந்து கொண்டுவரவும்.

இப்படிக்கு,
அதிபர்