எந்த சேஸிஸ் ஓடியது என்று எழுதி வையுங்கள்

பழைய பந்தயக் கார்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் அருங்காட்சியக நிர்வாகிகளுக்கு,

வணக்கம். இருபது வருடமாக டிங்கரிங் பட்டறை நடத்துகிறவன் நான். எங்கள் ஊரில் ஒரு பழைய அம்பாசடர் கைமாறினாலே, சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், குத்தியிருக்கும் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்போம். தாளில் விழுந்ததும் ஆர்.சி. புக்கில் இருப்பதும் ஒத்துப்போனால்தான் பேச்சே. அந்தப் பழக்கத்தோடுதான் உங்கள் கார்களையும் பார்க்கிறேன்.

வெளிநாட்டில் ஓர் அருங்காட்சியகத்தில் 1930-களின் பந்தயக் கார் ஒன்றைப் பார்த்தேன். ஜெயித்தது இதே கார்தான் என்றது பலகை. குனிந்து அடியில் பார்த்தால், சட்டத்தின் மூலையில் சின்னச் சின்ன நாணயங்களை அடுக்கி வைத்ததுபோல் வெல்டிங். நாங்கள் தினமும் போடும் ஆர்கான் வெல்டிங். அந்த முறை 1940-களுக்கு முன் கிடையாது. விசாரித்தேன், பலகையில் உள்ளதுதான் வரலாறு என்றார்கள். மனசு ஆறவில்லை.

பந்தயக் கார் அடிபடும், அடிச்சட்டம் மாறும், எஞ்சின் மாறும். அதில் தப்பே இல்லை. எல்லை தாண்டும்போது சுங்கத்தாள் ஒத்துப்போகட்டும் என்று ஒரு காரின் நம்பர் தகட்டைக் கழற்றி இன்னொன்றில் மாட்டிய அணிகளும் உண்டு. கழித்துப்போட்ட சட்டத்தை வேறொருவர் எடுத்துக் கார் கட்டுவார். கடைசியில் ஒரே நம்பருக்கு இரண்டு கார். பார்க்க வருகிறவருக்கு இதையெல்லாம் யார் சொல்வது?

பென்ட்லி நிறுவனத்தின் 'ஓல்டு நம்பர் ஒன்' என்ற கார் 1929, 1930 இரண்டு வருடமும் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜெயித்தது. 1932-இல் இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தளத்தில் அதை ஓட்டிய கிளைவ் டன்ஃபீ விபத்தில் இறந்தார். பிறகு அது வேறு உருவத்தில் கட்டப்பட்டது. ஒரு கோடி பவுண்டுக்கு விலை பேசி, இது அந்தக் கார்தானா என்று 1990-இல் லண்டன் உயர் நீதிமன்றம் வரை போனது வழக்கு. ஜெயித்தபோது இருந்த பாகங்களில் அநேகமாக எதுவும் மிஞ்சவில்லை. ஆனாலும் வரலாறு அறுபடாமல் தொடர்வதால் இது அந்தக் கார்தான் என்றார் நீதிபதி ஓட்டன். எனக்கு அந்தத் தீர்ப்பு சரியாகவே படுகிறது. ஆனால் அதன் இரண்டு பாதிகளும் பலகையில் இருக்க வேண்டும்.

போர்ஷேவுக்கு லெ மானில் முதல் ஒட்டுமொத்த வெற்றி 1970-இல். மழையில் ஹெர்மனும் அட்வுட்டும் ஓட்டிய அந்த 23-ஆம் எண் கார் 917 என்ற மாடல், சேஸிஸ் நம்பர் 917-023. ஜெயித்த காரின் அதே சிவப்பு வெள்ளை பூசி நெடுங்காலம் காட்சிக்கு நின்றதோ 917-001. அந்த வண்டி 1969 ஜெனீவா கண்காட்சியில் முதன்முதலாக உலகத்துக்குக் காட்டிய 917. அந்தப் பெருமையே அதற்குப் போதும். 917-இன் ஐம்பதாம் ஆண்டுக்காக போர்ஷே நிறுவனமே பூச்சை நீக்கி, பழையபடி வெள்ளை உடம்பும் பச்சை மூக்குமாக ஆக்கி நிறுத்தியது. இதைத்தான் உங்களிடமும் கேட்கிறேன்.

சேஸிஸ் நம்பர் என்ன, அது சட்டத்தில் எங்கே குத்தியிருக்கிறது, எந்தப் பாகம் அன்றையது, எது எந்த வருடம் செய்தது என்று பலகையில் எழுதுங்கள். அதே நம்பரைச் சொல்லும் வேறு கார் இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். மறுபடி செய்த கார் என்றால் தயங்காமல் அப்படியே போடுங்கள். நல்ல கைவேலையைப் பார்க்கவும் நாங்கள் வருவோம். அடியில் ஒரு கண்ணாடியும் விளக்கும் வையுங்கள், நம்பரை நாங்களே படித்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஒரு டிங்கரிங் பட்டறைக்காரன்