விறைத்த இதயமும் கிளாம்ப்பும்

டர்பன்

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. ரோஸ் ஹில்லில் எல்லோரும் நலம் என்றதில் சந்தோஷம். தைப்பூசத்துக்கு இந்தப் பக்கம் வரப்பார்.

பல வருட பி.பி. நோயாளிக்கு எக்கோவில் (இதய ஸ்கேனில்) எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் (ஒரு துடிப்பில் கீழறை வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 60% வந்திருக்கிறது, பெருந்தமனி அறுவையில் இதயம் தாங்கிவிடுமல்லவா என்று கேட்டிருந்தாய். அந்த எண் சுருங்குவதைத்தான் சொல்லும். தடித்துப்போன இடது கீழறைக்குச் சிக்கலே விரிவதில்.

சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே பெருந்தமனியில் கிளாம்ப் (ரத்தத்தை நிறுத்தும் கவ்வி) போட்டால் பெரும்பாலும் சமாளித்துவிடும். வயிற்றின் மேல்பகுதியில், இரைப்பைக்கும் ஈரலுக்கும் போகும் சீலியாக் தமனிக்கும் மேலே போட்டால்தான் கதை மாறும். பி.பி. எகிறும், குடல், ஈரல் சிரைகளில் இருந்த ரத்தமும் இதயத்துக்கே தள்ளப்படும். தசையின் உள்ளடுக்குக்கு ரத்தம் போவது இதயம் விரியும் நேரத்தில்தான். அந்த நேரத்தில் உள்ளே அழுத்தம் ஏறி நின்றால் அந்த அடுக்கு பட்டினி கிடக்கும். துடிப்பு 60–80க்குள் இருக்கட்டும். கிளாம்ப்புக்குச் சற்று முன்பே மயக்கத்தை ஆழமாக்கி, ரத்தக் குழாய்களை விரிக்கும் நைட்ரோகிளிசரினை நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமில் தொடங்கு. அதற்காக அழுத்தத்தை அடிமட்டத்துக்கு இறக்காதே; கிளாம்ப்புக்குக் கீழே சிறுநீரகமும் தண்டுவடமும் பக்கக்கிளைகளில் வரும் ரத்தத்தை நம்பித்தான் இருக்கின்றன. வார்டில் பல நாள் எடுத்த அளவிலிருந்து 20%க்கு மேல் விலகாமல் பார். மேசையில் படுத்தபின் பதற்றத்தில் வரும் முதல் அளவு கணக்கில்லை.

வெட்ஜ் பிரஷர் (நுரையீரல் தமனிக்குள் விட்ட குழாயில் அளக்கும், இதயத்தின் இடதுபக்க அழுத்தம்) 18 என்று பார்த்ததும், சிறுநீரைக் கூட்டி நீரை இறக்கும் ஃப்ரூசெமைடு ஊசியைத் தேடுவது வழக்கமான தவறு. விறைத்த அறையில் கொஞ்சம் ரத்தத்துக்கே அழுத்தம் ஏறும். உணவுக்குழாய் எக்கோவில் குறுக்குவெட்டுக் காட்சியைப் பார்: சுருங்கும்போது மைட்ரல் வால்வை இழுத்துப் பிடிக்கும் இரண்டு பாப்பிலரி தசைகளும் முட்டிக்கொண்டால், அழுத்தம் எவ்வளவு காட்டினாலும் பெரும்பாலும் அறை காலிதான்.

எனக்குக் கிளாம்ப் எடுக்கும் நேரம்தான் அதிக பயம். கால்களில் விரிந்து கிடக்கும் நாளங்களில் ரத்தம் தேங்கும். அங்கிருந்து அமிலமும் பொட்டாசியமும் திரும்பி வரும். முழுதாக நிரம்பினால்தான் இந்த இதயம் ஓடும், அந்த நேரம் பார்த்து நிரம்ப ரத்தம் இருக்காது. பத்து நிமிடம் முன்பே நைட்ரோகிளிசரினை நிறுத்தி, திரவம் ஏற்று. ரத்தக் குழாய்களை இறுக்கி பி.பி.யை ஏற்றும் ஃபினைலெஃப்ரின் கையில் இருக்கட்டும், ஒரு தடவைக்கு 50–100 மைக்ரோகிராம். ஒவ்வொரு காலாக, மெதுவாகத் திறக்கச் சொல். பி.பி. விழுந்தால் உடனே குழாயை விரலால் அடைக்கச் சொல். அறுவை நிபுணரின் அவசரத்துக்கு நீ ஓடாதே.

அப்போது அட்ரினலின் முதல் மருந்தாக வேண்டாம். காலியான தடித்த அறையை அது இன்னும் இறுக்கி, மைட்ரல் வால்வு இதழ் ரத்தம் வெளியேறும் பாதையை அடைத்துவிடலாம். மருந்து கூடக்கூட பி.பி. குறைகிறது என்றால் அதைச் சந்தேகி: நிறுத்து, நிரப்பு, ஃபினைலெஃப்ரின் கொடு. திடீரென ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்குவது) வந்து பி.பி. சரிந்தால் தாமதிக்காமல் ஷாக் கொடு. மேலறை தள்ளிவிடும் ரத்தம் இல்லாமல் இந்த இதயத்தால் முடியாது.

மாத்திரை விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கரை நிறுத்தாதே, அறுவை நாளில் புதிதாகவும் தொடங்காதே. எனலாப்ரில் வகை பி.பி. மாத்திரை 24 மணி நேரம் முன்பே நிற்கட்டும்.

நோயாளியின் வார்டு பி.பி. அளவுகளையும் கீழறைச் சுவரின் தடிமனையும் எழுதி அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு மீதியைப் பேசலாம்.

அன்புடன்,
குமரன்