பச்சைக் காயும் காய்ந்த கொட்டையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருந்து மரங்களின் மரபணுத்தொகுதியையும் (அதாவது அவற்றின் மொத்த டிஎன்ஏவையும்), அவற்றுக்குள் ஊறும் வேதிப்பொருள்களையும் ஆராயும் தாவர விஞ்ஞானி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைக் கடையில் உட்கார்ந்தபடியே படித்து முடித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் மரபணுவைப் படித்துவிட்டாலே மரத்தின் மருந்தெல்லாம் கைக்கு வந்துவிடும் என்பதுபோல முடித்திருந்தது எனக்கு ஒப்பவில்லை.

தொண்டியில் எங்களுக்கு நாட்டு மருந்துக் கடை. புன்னை எண்ணெய்க்கு இன்றும் ஆள் வருகிறது. மூட்டு வலிக்கும் சிரங்குக்கும் மேலுக்குத் தடவத்தான். உள்ளுக்கு யார் கேட்டாலும் கொடுப்பதில்லை. அந்த நாளில் கொட்டை சேர்ப்பது என் அப்பத்தாவின் வேலை. ராத்திரி வௌவால் சதையைத் தின்றுவிட்டுப் போட்ட கொட்டைகளை விடியுமுன் மரத்தடியில் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு வரும். உடைத்தால் உள்ளே பருப்பு வெளிறிக் கிடக்கும். நகத்தால் கீறினாலும் எண்ணெய்ப் பசை தெரியாது. ஓலைப்பாயில் பரப்பி, காக்கை விரட்டி, புரட்டிப் புரட்டிப் போட்டு ஒன்றரை, இரண்டு மாதம் காய வைக்க வேண்டும். பருப்பு மெல்லச் சிவந்து பழுப்பேறும். விரலில் எடுத்தால் பிசுக்கென்று ஒட்டும். அதற்குப் பிறகுதான் செக்குக்குப் போகும். கரும்பச்சையாக இறங்கும் அந்த எண்ணெயின் வாசம் தலையணை வரைக்கும் வரும்.

சில வருஷங்களுக்கு முன் ஓர் ஆய்வுக் குழு வந்தது. எங்கிருந்து என்பதை விட்டுவிடுகிறேன். மரத்தில் இருந்த பச்சைக் காயைப் பறித்து பிளாஸ்டிக் பையில் திணித்து, கார் டிக்கியில் போட்டு, மத்தியானம் வரை வெயிலில் நிறுத்தியிருந்தார்கள். “ஏன் தம்பி, பச்சையாப் பறிக்கிறீங்க? காஞ்ச கொட்டை வீட்டுல இருக்கே” என்றேன். “எல்லாம் ஒண்ணுதான் அக்கா, டிஎன்ஏ மாறாது” என்றார் அந்தப் பையன்.

அவர் சொன்னது பொய்யில்லை. ஒரு மரத்தில் இலையானாலும் வேரானாலும் பட்டையானாலும் ஒரே மரபணுத்தொகுதிதான். ஆனால் அது சமையல் குறிப்பு மாதிரி. அன்றைக்கு அடுப்பில் என்ன வெந்தது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. வெந்ததைப் பார்க்கத்தானே, செடிக்குள் என்னென்ன வேதிப்பொருள் இருக்கிறது என்று அளக்கும் மெட்டபாலோமிக்ஸ் என்றே ஒரு துறை இருக்கிறது? பறித்த நிமிஷத்திலிருந்தே இலைக்குள் வேதிப்பொருள்கள் மாறத் தொடங்கும் என்பதால், உடனே திரவ நைட்ரஜனில் போட்டு உறைய வைப்பார்கள். பிறகு அரைத்து, கரைத்து, ஒவ்வொரு மூலக்கூறாகப் பிரித்து நிறை பார்ப்பார்கள். டிக்கியில் வெந்த காயை அந்தக் கருவியில் கொடுத்தால் அது டிக்கியின் கதையைத்தான் சொல்லும். வேம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மரபணுத்தொகுதியை 2012இல் பெங்களூரில் படித்து வெளியிட்டார்கள். ஆனாலும் பூச்சியை விரட்டும் அசாடிராக்டின் என்ற பொருளுக்கு இன்றும் வேப்பங்கொட்டைப் பருப்பைத்தான் தேடிப் போகிறோம்.

புன்னைக்கு உறவான ஒரு மரத்தின் கதையும் உண்டு. 1987இல் மலேசியாவின் சரவாக் காட்டில் அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்துக்காக ஒரு மரத்தின் இலையும் குச்சியும் எடுத்துப் போனார்கள். அதிலிருந்து பிரித்த கேலனோலைடு ஏ என்ற பொருள் ஆய்வகத்தில் எச்ஐவி கிருமியைத் தடுத்தது. 1992இல் செய்தி வெளியானது. மறுபடி எடுக்கப் போனால் அந்த மரத்தையே வெட்டியிருந்தார்கள். அதே இனத்து வேறு மரங்களில் தேடியும் அந்தப் பொருள் சரியாகக் கிடைக்கவில்லை. இனம் ஒன்றாக இருந்தும் இப்படி. உப்புக்காற்றிலும் மழையில்லாத மண்ணிலும் நிற்கும் எங்கள் கரைப் புன்னையும், ஆற்றோரத் தோப்புப் புன்னையும் ஒன்றேதான் என்று எப்படி எழுதிவிடுவது?

2002ஆம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டப்படி உள்ளாட்சிதோறும் குழு அமைத்து, ஊரின் செடிகொடி, உயிரினங்களையும் அவை பற்றி மக்களுக்குத் தெரிந்ததையும் குறிக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். அதில் மரத்தின் பெயரோடு நிறுத்தாமல், எந்தப் பக்குவத்தில் பொறுக்குவது, எத்தனை நாள் காய வைப்பது என்பதையும் கிழவிகளிடம் கேட்டு எழுத வேண்டும். மாதிரி கொண்டுபோகிறவர்கள் எந்த மரம், எந்த மாதம் என்று குறித்துவிட்டுப் போகட்டும். முடிவு வந்ததும் ஒரு பக்கம் தமிழில் அனுப்பட்டும். எங்களிடம் வந்த குழு இன்றுவரை ஒரு தபால் அட்டைகூடப் போடவில்லை.

அப்பத்தா இல்லை, மரம் இருக்கிறது. இந்த முறை கொட்டை விழுந்ததும் ஒரு படி பச்சையாகவும் ஒரு படி காய வைத்தும் எடுத்து வைக்கிறேன். கட்டுரை எழுதியவர் அந்த விஞ்ஞானியிடம் கேட்டுச் சொன்னால், எப்படிக் கட்டி அனுப்ப வேண்டுமோ அப்படியே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தொண்டியிலிருந்து ஒரு வாசகி