மாடிக் கூடத்தின் சாவி கேட்டு ஒரு திறந்த மடல்

எங்கள் பகுதி நூலகத்தின் நிர்வாகப் பொறுப்பில் உள்ள மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

மாடிக் கூடம் பூட்டிக் கிடக்கும் கதையைத் தங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அதைப் பற்றிய மூன்று விண்ணப்பங்கள் தங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்துள்ளன. மூன்றின் நகலிலும் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை இருக்கிறது. மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணி முதல் 12 மணி வரை, வாசகர் வட்டத்தின் வரலாறு மற்றும் ஓவிய நிகழ்ச்சிக்காக அந்தக் கூடத்தைத் திறந்து தர வேண்டும் என்பதற்கு மேல் அவற்றில் எதுவும் கேட்கவில்லை. நான்காவது விண்ணப்பத்தை ஊரறிய எழுத வைத்தது சென்ற மாத நிகழ்ச்சி.

அன்று சேர்வராயன் மலைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெரியவரை அழைத்திருந்தோம். மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்ததையும், அண்ணன் தம்பியர் மூவர் மூன்று மலைகளுக்குப் பிரிந்து போனதையும் தம் தாத்தா சொன்னபடியே சொல்லக்கூடியவர். விடியற்காலைப் பேருந்தில் ஏறி, ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, ஒன்பதரை மணிக்கே நூலக வாசலில் வந்து நின்றார். கூடம் பூட்டியிருந்தது. சாவி எங்கே என்று கேட்டதற்கு, "மேலிடத்துல கேளுங்க சார்" என்ற பதில்தான் கிடைத்தது. கீழே நாளிதழ் படிக்கும் இடத்தில் பேசக் கூடாது. அந்த விதியை நானும் மதிக்கிறேன். வேறு வழியின்றி மாடிப்படியிலேயே உட்கார்ந்தோம். பெரியவர் மேற்படி ஒன்றில் துண்டை விரித்து அமர்ந்தார்; பிள்ளைகள் கீழ்ப்படிகளில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

மாடியில் நூல் இரவல் பிரிவும் இருப்பதால், புத்தகம் திருப்பித் தர வருவோர் அந்தப் படி வழியாகத்தான் போக வேண்டும். அவர்கள் மீது குற்றமில்லை. ஆனால் அண்ணன் தம்பியர் மூவரும் பிரியும் இடத்துக்குக் கதை வரும்போதெல்லாம், "கொஞ்சம் வழி விடுங்க" என்று ஒரு குரல் எழும். எல்லோரும் எழுந்து சுவரோரம் ஒதுங்குவோம். பெரியவரும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு எழுந்து நிற்பார். முழங்கால் வலி உள்ளவர் நான்கு முறை அப்படி எழுந்து உட்கார்ந்தார். ஐந்தாம் முறை உட்காராமல், "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க, இன்னொரு நாளைக்குப் பாப்போம்" என்று சொல்லிவிட்டார். மூன்றாவது தம்பி எந்த மலைக்குப் போனான் என்று ஒரு சிறுமி என்னிடம் கேட்டாள். நான் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்தக் கதையைச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, அவர் வாயால் கேட்பதற்கு அது ஈடாகவும் ஆகாது.

பிள்ளைகள் ஒரு நடுகல்லிலிருந்து எடுத்த மைப்படியையும் அன்று விரித்துக் காட்டுவதாக இருந்தோம். கல்லைக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டிப் பள்ளங்களில் படியவைத்து, மையை ஒற்றி எடுத்த தாள் அது. விரிக்க ஒரு மேசை வேண்டும். இருசக்கர வாகனம் நிறுத்தும் இடத்தில் விரித்தோம். வீரனின் வில் மேல் இப்போது ஒரு செருப்புத் தடம் இருக்கிறது.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களுக்காகக் கூடம் ஒதுக்கப்பட்டிருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். அவர்களும் அதே படிக்கட்டின் அடியில்தான் உட்கார்ந்து படிக்கிறார்கள். சன்னல் வழியே பார்த்தால் உள்ளே இருப்பவை கால் உடைந்த நாற்காலிகளும் கழித்துக் கட்டப்பட்ட புத்தக மூட்டைகளும். நீதிக்கட்சி 1944-இல் திராவிடர் கழகமானது சேலத்தில்தான் என்பதை அந்த இளைஞர்கள் கேள்வித்தாளுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். அதே ஊரின் வரலாற்றை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேச இடமில்லை. 1863-இல் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கற்கோடரியைக் கண்டெடுத்த நிலவியல் அறிஞர் இராபர்ட் புரூஸ் ஃபூட் பிற்காலத்தில் வாழ்ந்தது நம் ஏற்காட்டில். அவரைப் பற்றிய நிகழ்ச்சியை இரண்டு முறை தள்ளி வைத்துவிட்டோம்.

தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில், இராமன் நிற்கும் தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிவான், வாலியின் பக்கமிருந்து பார்த்தால் இராமன் தெரிய மாட்டான். பிள்ளைகளுக்கு அந்தச் சிற்பத்தை வரையக் கற்றுக்கொடுக்கும்போது சிற்பியின் திறமை என்று வியந்திருக்கிறேன். தங்கள் அலுவலகத்துக்கு மூன்று முறை வந்து திரும்பிய பிறகு, அது நிர்வாகக் கலையாகவும் இருக்கலாம் என்று தோன்றுகிறது.

வரம்பு மீறியிருந்தால் பொறுத்தருளுங்கள். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா என நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிறவன் என்ற உரிமையில் எழுதிவிட்டேன். விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலில், 1948-இல், பொது நூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. அதற்குப் பின்னால் நின்ற நூலகவியல் அறிஞர் சீர்காழி இரங்கநாதன் வகுத்த முதல் விதி, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. கூடமும் அப்படித்தான் என்று அவர் தனியாக எழுதி வைக்காதது எங்கள் போதாத காலம்.

புதிய கட்டடமோ நிதியோ நாங்கள் கேட்கவில்லை. உடைந்த நாற்காலிகளை ஓரமாக அடுக்கி, கூடத்தைப் பெருக்கித் துடைத்துக்கொள்ள வாசகர் வட்டத்தில் ஆள் இருக்கிறார்கள்; மின்விசிறிக்கான செலவைக் கட்டச் சொன்னாலும் கட்டுகிறோம். மாதம் ஒரு நாள், இரண்டு மணி நேரத்துக்குச் சாவி வேண்டும். முடியாது என்பதுதான் முடிவென்றால், அதையாவது எழுத்தில் தாருங்கள்.

அடுத்த இரண்டாம் ஞாயிறு மீண்டும் வருவதாகப் பெரியவர் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். அன்றும் ஒன்பதரைக்கே வந்துவிடுவார். அதற்கு முன் சாவியை நூலகரிடம் கொடுத்து வைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
வாசகர் வட்ட உறுப்பினர் ஒருவர்,
சேலம்.